விழுந்து எழுந்தவர்களுக்கு

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையில் குதிரைச் சந்தை கூடும். திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை பிடித்த சந்தை என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் என்று விதவிதமாக வந்து இறங்குகிறது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, ராசிபுரம் பக்கத்துப் பையன்கள் போய் ஆசையாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் அதில் பாதிப் பேர் ஒரு தடவையாவது மண்ணைக் கவ்வியிருப்பார்கள்.

விழுந்தவர்களில் சிலர் வந்த விலைக்குக் குதிரையைத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இன்னும் சிலர், ஊர் சிரிக்குமே என்று மறுபடி ஏறி, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே ஓட்டுகிறார்கள். இது அவர்களுக்காக எழுதியது. தம்பிகளுக்கு மட்டுமில்லை, பாப்பாக்களுக்கும் சேர்த்துத்தான். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு டிரஸ்ஸாஜ் என்ற குதிரை நடைப் போட்டியில் குழுத் தங்கம் வாங்கிக் கொடுத்த நாலு பேரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்று இரண்டு பேர் பெண் பிள்ளைகள்.

வீட்டில் ஜட்கா வண்டி ஓடிய காலத்திலிருந்து குதிரையோடு இருக்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் பயத்தைப் போக்க வழி கேட்கிறார்கள். பயம் போனதும் சவாரி சரியாகிவிடும் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். நான் பார்த்தவரை அது தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் இருக்கை, அதாவது குதிரை மேல் உட்காரும் விதம், சரியாகிறது, பிறகு பயம் தன்னால் குறைகிறது. ஆகவே கீழே தைரியத்தைப் பற்றிக் குறைவாகவும் இடுப்பைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

1. "விழுந்த கையோடு ஏறிவிடு, இல்லாவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளும்" என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். விழுந்தது அவர்கள் இல்லை. நீ தரையிலேயே கொஞ்ச நேரம் இரு. கழுத்து வலிக்கிறதா, கை கால் விரல் அசைகிறதா, மூச்சு சீராக வருகிறதா பார். தலை தரையில் பட்டிருந்தால் அன்றைய சவாரி முடிந்தது. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. மூளை குலுங்கியவன் அது ஆறுவதற்குள் இன்னொரு தடவை விழுந்தால் இரண்டாவது அடி முதல் அடியைவிடப் பொல்லாதது. தில்லியை ஆண்ட குத்புதீன் ஐபக் வாழ்நாளெல்லாம் குதிரை மேலேயே இருந்த மனிதர். 1210இல் லாகூரில் சௌகான் என்ற போலோ ஆட்டம் ஆடும்போது குதிரையோடு விழுந்து, சேணத்தின் முன்கொம்பு குத்தி இறந்தார். விழுவதற்கு யாரும் விலக்கில்லை.

நாளைக்கு ஏறலாம், அடுத்த வாரமும் ஏறலாம். ஆனால் அந்த நாட்களில் லாயத்துப் பக்கமே போகாமல் இருந்துவிடாதே. தண்ணி காட்டு, தேய்த்துவிடு, குளம்பைத் தூக்கிக் கல் எடு. பயம் வளர்வது குதிரையைப் பார்க்காத நாட்களில்தான்.

2. தலைக்கவசம். பைக்கில் போட்டுக்கொள்வது இதற்கு ஆகாது. கனம் அதிகம், காதை மூடும், பக்கத்துப் பார்வையை மறைக்கும். சவாரிக்கென்றே செய்தது வாங்கு. ஒரு தடவை பலமாக அடிபட்டதென்றால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப்போட்டு வேறு வாங்கு, உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓட்டிய அமெரிக்கப் பெண் கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்து வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். அன்றைக்கு அவர் தலைக்கவசம் போட்டிருக்கவில்லை. தொப்பி வைத்து ஓட்டுவதே கௌரவம் என்றிருந்த டிரஸ்ஸாஜ்காரர்கள் பலர் அதற்குப் பிறகுதான் மனம் மாறினார்கள். பொன்னியின் செல்வன் படம் வந்த 2022இலிருந்து நம் பையன்களுக்கு முடியைக் காற்றில் பறக்கவிட வேண்டுமென்று ஓர் ஆசை. வந்தியத்தேவனுக்கு அடிபட்டால் கல்கி பார்த்துக்கொள்வார். உனக்கு யார் இருக்கிறார்கள்?

3. செருப்புப் போட்டு ஏறாதே. கால் அங்கவடிக்குள் முழுசாக வழுக்கிப் போய், விழும்போது மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். குதிகால் சற்று உயர்ந்த ஷூ வேண்டும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

4. அடுத்த தடவை ஏறுவதற்கு முன்னால் குதிரையைப் பற்றி ஒரு கேள்வி கேள்: அது ஏன் அப்படிச் செய்தது? "கொழுப்பு" என்று சொல்லி முடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும்.

சேணத்தைக் கழற்றிவிட்டு முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போ. ஓர் இடத்தில் தோலைச் சுருக்கினாலோ முதுகைத் தாழ்த்தினாலோ அங்கே வலி இருக்கிறது. சேணம் பொருந்தாத குதிரை உன் எடை இறங்கியதும் துள்ளத்தான் செய்யும். எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. எண்பது கிலோ ஆள் மட்டக்குதிரை மேல் ஏறிக்கொண்டு "மக்கர் செய்கிறது" என்று சொன்னால் நான் குதிரைப் பக்கம்தான் பேசுவேன்.

பல்லைப் பார்க்கச் சொல். குதிரையின் பல் ஆயுசில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே இருக்கும், விளிம்பு கூராகி கன்னத்தைக் கிழிக்கும். அந்த வாயில் கடிவாளம் பட்டால் தலையை உதறும். நம் பக்கத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து இருக்கிறது, இப்போது தலைவாசலிலும் ஒன்று வந்துவிட்டது. மாட்டுக்கு மட்டும்தான் அந்தப் படி ஏற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

கடிவாளத்தில் முள் இருந்தால் இன்றைக்கே கழற்றி எறி. 1965ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்பு விதிகளிலேயே முள் கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. வலிக்குப் பயந்து நிற்கிற குதிரை, வலிக்குப் பயந்தே ஓடவும் செய்யும்.

தீனி. நாள் முழுக்க லாயத்தில் கட்டிப்போட்டு, கொள்ளும் மக்காச்சோளமும் வயிறு முட்டப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறுகிறாய். அதன் உடம்பில் சேர்ந்ததெல்லாம் உன்னைத் தூக்கிப்போட்டுத்தான் தீர வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியாகப் பெரும் விலைக்கு வாங்கிய குதிரைகள் இங்கே சீக்கிரம் செத்துப்போவதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். வளர்க்கும் பக்குவம் தெரிந்த ஆள் இல்லை, சோற்றையும் கறியையும் தின்னக் கொடுக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். காசு கொடுத்து வாங்குவதில் நமக்கு இருக்கும் வேகம் பராமரிப்பதில் அன்றைக்கும் இல்லை. புல், வைக்கோல், பசுந்தட்டு அதிகம், தானியம் அளவோடு. தினம் ஒரு மணி நேரமாவது கயிறில்லாமல் காலாற விடு.

5. தள்ளிவிட்ட குதிரை மேலேயே திரும்ப ஏற வேண்டும் என்பது வீம்பு. வயசான, ஆயிரம் பேரைச் சுமந்து சலித்த குதிரை ஒன்று எங்காவது இருக்கும். கெஞ்சியாவது சில நாள் கேட்டு வாங்கு. அந்தியூரில் மேளத்துக்கு ஆடுகிற குதிரையைப் பார்த்து மயங்குவது சகஜம். ஆடக் கற்ற குதிரை சின்னத் தொடுகைக்கும் எகிறும். நடுங்குகிற கால் உள்ளவனுக்கு அது கூடாது. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகள் அழகுதான், அவை கல்.

தேசிங்கு ராஜாவைச் சொல்லாத பையன் இல்லை. யாருக்கும் அடங்காத பாதுஷா குதிரையை அடக்கினார் என்று கதைப்பாட்டு சொல்கிறது. இருக்கட்டும். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு மோதி 1714இல் சாகும்போது அவருக்கு இருபத்திரண்டு வயசு என்பார்கள். வீரத்துக்கு அவரைக் கும்பிடு. சவாரிக்கு வேறு வாத்தியாரைத் தேடு.

6. இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு மரப் பெஞ்சில் உட்கார். உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கையையும் பிட்டத்துக்கு அடியில் கொடு. இரண்டு எலும்பு முனை கையில் குத்தும். சவாரி முழுக்க அந்த இரண்டு முனையில்தான் நடக்கிறது. முதுகைக் கூனு, முனை முன்னால் நகர்வது தெரியும். மார்பை விறைத்து இடுப்பை வளை, பின்னால் நகரும். இரண்டுக்கும் நடுவில், முனைகள் நேராகக் கீழே இறங்கும் ஒரு நிலை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள். சேணத்தில் ஏறியதும் முதல் வேலை அந்த நிலையைத் தேடுவது.

அதற்கு மேல் காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் பக்கவாட்டில் பார்த்தால் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்காருகிற மாதிரி காலை முன்னால் நீட்டினால் கோடு உடைந்துவிடும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். அங்கவடி என்ற ஒன்றே அவர் நாட்டில் கிடையாத காலம். அவரும் நாற்காலி உட்காரல் வேண்டாம், காலை அகட்டி நிற்பவன் நிலை வேண்டும் என்றுதான் சொல்கிறார். மந்திரம் போட்டு உன் அடியிலிருந்து குதிரையை மறைத்துவிட்டால் நீ இரண்டு காலில் நிற்க வேண்டும். பிட்டம் தரையில் மோதுமானால் உன் கால் முன்னால் போயிருக்கிறது.

7. பயந்தவன் உடம்பு என்ன செய்கிறது? முன்னால் குனிகிறது, முழங்கால் இறுகுகிறது, குதிகால் மேலே ஏறி விலாவைக் கவ்வுகிறது, கை வாரை இழுக்கிறது, மூச்சு நின்றுவிடுகிறது. தாய் வயிற்றில் சுருண்டிருந்த நிலைக்கே உடம்பு போகப் பார்க்கிறது. இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, குழந்தைக்கும் கிழவனுக்கும் அப்படித்தான்.

ஆனால் மேலே நடப்பதைக் குதிரை எப்படிப் படிக்கிறது என்று யோசி. உன் குதிகால் "ஓடு" என்கிறது. உன் கை "நில்" என்கிறது. உன் எடை அதன் தோளுக்கு மேல் சாய்ந்து முன்னால் தள்ளுகிறது. மூன்று கட்டளையும் ஒரே நொடியில் வந்தால் எந்தக் குதிரையும் குழம்பும். குழம்பிய குதிரைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஓடுவது.

இறுக்கிப் பிடித்தால் விழமாட்டோம் என்பதும் பொய். தொடையும் முழங்காலும் இறுகினால் பிட்டம் சேணத்தைவிட்டு மேலே எழும்பும். ஈரமான மாங்கொட்டையை விரலால் அழுத்திப்பார், எங்கே தாவுகிறது என்று தெரியும். தொடையைத் தளர்த்திக் காலைத் தொங்கவிட்டால் எடை கீழே இறங்கும், இருக்கை ஆழமாகும். சொல்வது சுலபம். பயத்தில் தொடை தளராது. அதனால்தான் அடுத்த இரண்டு அறிவுரையும்.

8. பாடு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. "மூச்சை விடு" என்று சொன்னால் ஒரு தடவை விட்டுவிட்டு மறுபடி அடக்கிக்கொள்வாய். பாடுகிறவன் மூச்சை அடக்க முடியாது. வயிறு அசையும், தாடை தளரும், தாடை தளர்ந்தால் இடுப்பும் தளரும். குரல் நல்லதோ கெட்டதோ குதிரைக்கு வித்தியாசம் தெரியாது. வெட்கமாக இருந்தால் ஒன்றிலிருந்து எட்டு வரை சத்தமாக எண்ணு. பாட்டு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கூட வருகிறவரைக் கவனிக்கச் சொல். அந்த இடத்தில்தான் உன் பயம் இருக்கிறது. வளைவிலா, ரோட்டோரத்திலா, குதிரை தலையைத் தூக்கும்போதா? இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

9. நீளக் கயிறு. விவரம் தெரிந்த ஒருவர் நடுவில் நின்று சுமார் 8 மீட்டர் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்தட்டும். வாரை நீ தொடவே தொடாதே. குதிரையின் கழுத்தில் ஒரு தோல் பட்டை கட்டிவைத்து, மனம் பதறும்போது அதைப் பிடித்துக்கொள். பிடரி மயிரைப் பிடித்தாலும் அதற்கு வலிக்காது. வாரைப் பிடித்து நிலைகொள்ளப் பழகியவன் வாழ்நாளெல்லாம் குதிரையின் வாயைக் கிழித்துக்கொண்டிருப்பான்.

முதல் நாள் கை இரண்டும் தொடையில். அடுத்து ஒரு கை மேலே, பிறகு இரண்டு கையும் பக்கவாட்டில். இடுப்புக்கு மேலே திரும்பிக் குதிரையின் வாலைப் பார். குனிந்து அதன் காதைத் தொடு. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். நன்றாக வருகிறது என்று தோன்றும்போதே இறங்கிவிடு. களைத்த உடம்பு மறுபடி இறுகத் தொடங்கும், அந்த இறுக்கத்தோடு வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் அதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இருக்கை மட்டும் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலைச் சொல்வேன். 1944இல் கர்ப்பமாக இருந்தபோது இளம்பிள்ளைவாதம் தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்துவிட்டது. ஊன்றுகோலோடு நடக்கப் பழகினார், பிறகு குதிரைக்குத் திரும்பினார். திரும்பவும் பல தடவை விழுந்தார். ஆள் தூக்கி ஏற்றிவிட வேண்டும், ஆள் இறக்கிவிட வேண்டும். காலால் குதிரைக்கு ஒரு சொல்லும் சொல்ல முடியாது. இடுப்பையும் முதுகையும் வைத்தே எல்லாம் சொல்லக் கற்றுக்கொண்டு 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் வெள்ளி வாங்கினார். 1956இல் இன்னொரு வெள்ளி. 1952க்கு முந்தைய ஒலிம்பிக் வரை அந்தப் பந்தயம் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும் என்று இருந்தது. கால் இரண்டும் நன்றாக உள்ள நாம் அந்தக் காலைக் கவ்வத்தான் பயன்படுத்துகிறோம்.

10. குதிரை நடக்கும்போது நாலு தட்டு, ஒவ்வொரு காலும் தனித்தனியாக விழும். பின்னங்கால் முன்னே வீசும்போது அந்தப் பக்கத்து இடுப்பு தாழும், உன் எலும்பு முனையும் அதோடு தாழும். கண்ணை மூடிக்கொண்டு, நீளக் கயிற்றில் போகும்போதுதான், "இடது, வலது" என்று சத்தமாகச் சொல். நடுவில் நிற்பவர் சரியா என்று பார்ப்பார். தொடக்கத்தில் எல்லாம் தப்பாக வரும். ஒரு வாரத்தில் கேட்காமலேயே தெரியும். நீ தரையில் நடக்கும்போது உன் இடுப்பு எப்படி அசைகிறதோ ஏறக்குறைய அதே அசைவைக் குதிரை உனக்குக் கொடுக்கிறது. நடக்க முடியாத குழந்தைகளுக்குக் குதிரை மேல் வைத்துச் சிகிச்சை செய்வதும் இதனால்தான்.

பின்னங்கால் எங்கே இருக்கிறது என்று இருக்கை வழியாகத் தெரிந்தவனுக்கு அடுத்து வரப்போவது கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். எதிர்பாராத அசைவுதான் பயமுறுத்துகிறது.

11. அங்கவடியின் நீளம்: விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் இடத்தில் வைத்தால் அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். பயந்தவர்கள் குட்டையாக்கிக்கொள்வார்கள், முழங்கால் மடங்கி ஆள் குந்திக்கொண்டிருப்பான். வேண்டாம். வயிற்றுப் பட்டையை ஏறுவதற்கு முன் ஒரு தடவை, பத்து நிமிடம் நடந்த பிறகு ஒரு தடவை இறுக்கு. பட்டை போடும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், நடந்ததும் தளர்ந்துவிடும், சேணம் உன்னோடு பக்கவாட்டில் சுழலும். குதிரை மேல் பழி விழும் விபத்துகளில் பல இப்படிப்பட்டவை.

12. தரையைப் பார்க்காதே. எங்கே விழுவோம் என்று இடம் தேடுகிறவன் தலை கவிழும், தோள் கூடவே கவிழும். மனிதத் தலை நாலைந்து கிலோ, அது முன்னால் போனால் முழு உடம்பும் போகும். சேலம் ரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சுலபமான வழி சொல்லுவேன். 2022இல் குடமுழுக்கு ஆன முத்துமலை முருகன் சிலை 146 அடி, காட்டுக்குள் எங்கிருந்தும் தலை தெரிகிறது. அவரைப் பார்த்துக்கொண்டு ஓட்டு. கிழக்கே இருப்பவர்களுக்குக் கல்வராயன் மலை இருக்கிறது.

பார்ப்பதிலும் இறுக்கம் கூடாது. அமெரிக்காவில் சாலி ஸ்விஃப்ட் என்ற அம்மாள், சின்ன வயதிலிருந்தே முதுகெலும்பு வளைந்தவர், முதுமையில் 1985இல் சவாரி பற்றிப் புத்தகம் போட்டுப் பெயர் வாங்கினார். ஒரு புள்ளியை முறைக்காமல், நேரே பார்த்துக்கொண்டே இரண்டு பக்கமும் கண்ணில் படும்படி அகலமாகப் பார்க்கச் சொல்கிறார். செய்து பார். தோள் தானாக இறங்கும்.

13. மிரட்சி. நம் ஊரில் குதிரையை மிரள வைப்பது எது என்று பட்டியல் போட்டால் முதலில் சேகோ ஆலைக் களம் வரும். பளீரென்ற வெயிலில் ஏக்கர் கணக்கில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காயும், ஓரத்தில் தார்ப்பாய் படபடக்கும். அடுத்தது நாமக்கல் லாரியின் ஏர் ஹாரன். அப்புறம் மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து திடீரென்று எழுந்து நிற்கும் ஆள், சொட்டுநீர்க் குழாய் சீறுவது, மயில்.

குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது, ஏறக்குறையச் சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. புலிக்குப் பயந்து பிழைத்த வம்சம். முதலில் தாவும், பிறகுதான் என்னவென்று பார்க்கும். உன்னை அவமானப்படுத்துவது அதன் நோக்கம் இல்லை.

அது காதை விறைத்துத் தலையைத் தூக்கியதும் நீ செய்ய வேண்டியது: மூச்சை வெளியே விடு, குதிகாலைத் தாழ்த்து, மிரட்டும் பொருளைப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தைப் பார். நீயும் தார்ப்பாயையே முறைத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று குதிரைக்கு உறுதியாகிவிடும். நேராக இழுத்துக்கொண்டு போகாமல் தூரத்தில் சுற்றி வா, நிற்க வை, பார்க்கட்டும், மோக்கட்டும். அடிக்காதே. அடித்தால் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் போனால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும், அது கற்றதை மறக்காத சாதி. வீட்டிலேயே ஒரு பழைய தார்ப்பாயைத் தரையில் விரித்து அதன் மேல் தீனி வைத்துப் பழக்குகிறவன் புத்திசாலி.

14. நிறுத்தத் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நடத்தத் தைரியம் வரும். இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால் நிற்கும் என்று நினைக்கிறோம். ஓடத் தீர்மானித்த குதிரை அந்த இழுப்பின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடும். ஒரு வாரை மட்டும் மெதுவாகக் குறுக்கி, தலையை உன் முழங்கால் பக்கம் திருப்பு. வட்டம் சிறுக்கச் சிறுக்க வேகம் தானாகக் குறையும். முழு ஓட்டத்தில் சட்டென்று திருப்பினால் குதிரையே சரிந்து விழும். அதனால் முதலில் நிற்கும்போது, பிறகு நடக்கும்போது, இரண்டு பக்கமும் நூறு தடவை செய்து பழகி, வேகம் பிடிக்கும் முன்பே கையாள வேண்டும். அவசரத்தில் குதிப்பதையும் பழகு: முதலில் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடு, குனி, காலைச் சுழற்றி இறங்கு, முழங்கால் மடங்கட்டும். நிற்கும் குதிரையில் தினம் செய்.

15. டிராட் என்ற துள்ளோட்டம் வந்ததும் எல்லோருக்கும் பயம் திரும்பி வரும். குறுக்கு ஜோடியாக இரண்டு தட்டில் விழுவதால் தூக்கித் தூக்கிப் போடும். தொடக்கத்தில் ஒரு தட்டுக்கு எழுந்து, அடுத்த தட்டுக்கு உட்கார். எழும் உயரம் இரண்டு விரல் போதும், குதிரையே தூக்கிவிடும். பத்து எட்டு டிராட், மறுபடி நடை, மறுபடி பத்து எட்டு. மார்வாரி, கத்தியவாரியில் சிலவற்றுக்கு ரேவால் என்ற ஆடாத நடை பிறவியிலேயே வரும். அது கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி, ஆனால் அதை வைத்து இருக்கை கற்றுக்கொண்டதாக நினைத்துவிடாதே. அதைவிட வேகமான கேன்டருக்கு அவசரமே இல்லை. டிராட்டில் பாட்டு நிற்காமல் ஓடும் நாளில் அதைப் பற்றிப் பேசலாம்.

ஓட்ட இடம்: வசிட்ட நதி வருடத்தில் முக்கால்வாசி மணலாகத்தான் கிடக்கிறது. விழுந்தாலும் தார் ரோட்டைவிட மெத்தை. ஆனால் ஆழ மணலில் வெகுநேரம் ஓட்டினால் குதிரையின் கால் தசைநார் கெடும். ஓரத்து இறுகிய மண்ணில் ஓட்டு, குப்பையும் கண்ணாடியும் இருக்கிறதா என்று முதலில் நடந்து பார். சித்திரை வைகாசியில் எட்டு மணிக்கு மேல் ஏறாதே.

16. செல்போனோடு நிற்கும் கூட்டாளிகளை வீட்டுக்கு அனுப்பு. படம் பிடிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் முகம் குதிரையை விட்டு வெளியே திரும்பிவிடும். இருக்கையைச் சரிபார்க்க வேண்டுமானால் ஒருவரை மட்டும் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல், நீ மட்டும் பார், அழித்துவிடு.

17. நாற்பது தாண்டியவர்கள் சிலரும் வருகிறார்கள். பிள்ளைக்கு வாங்கிய குதிரையில் ஏறி விழுந்தவர்கள். உங்களுக்கு எலும்பு சேர நாளாகும், அதனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறதுங்க. மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்புக் காலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்குத் திண்ணையோ முக்காலியோ வைத்துக்கொள்ளுங்கள், குதிரையின் முதுகுக்கும் அதுதான் நல்லது.

18. இத்தனையும் செய்து, ஆறு மாதம் கழித்தும், ஏறப்போகும் காலையில் வயிறு கலங்கினால், ஏற வேண்டாம். குதிரையோடு இருக்க ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எனக்குத் தெரிந்த நல்ல குதிரைக்காரர்களில் பலர் ஏறுவதே இல்லை, வண்டி பூட்டுகிறார்கள், குட்டி வளர்க்கிறார்கள், லாடம் அடிக்கிறார்கள். குதிரையை விற்பதானால் மட்டும், வாங்க வருகிறவனிடம் அது உன்னைத் தள்ளியதையும், எந்த இடத்தில் எதைப் பார்த்துத் தள்ளியது என்பதையும் மறைக்காமல் சொல். விலை ஐயாயிரம் குறையும், குறையட்டும்.